பச்சைப் பட்டனை அழுத்தினால் ஹெட்லைட் எரியும்

பல்லடம் பக்கத்துப் பண்ணை ஒன்றில் கடைசித் தீவன மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். மாலை ஆறே முக்கால் இருக்கும். டீக்கடை முன்னால் பிக்கப்பை நிறுத்திய அப்பா, தோளில் இருந்த துண்டை எடுத்து வலது கையில் இரண்டு சுற்றுச் சுற்றினார். காய்ந்த தோசைக்கல்லை இறக்கப் போகிறவர் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு, டேஷ்போர்டில் இருந்த ஹெட்லைட் குமிழை ஒரே தள்ளாகத் தள்ளினார். விளக்கு அணைந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "டீ சொல்லட்டுமா, பால் சொல்லட்டுமா கண்ணு?" என்றார்.

"துண்டு எதுக்குங்கப்பா?"

"சுடும்."

"எத்தன நாளா?"

"ரெண்டு வருசம் இருக்கும். வயசான வண்டி. லைட்டு போட்டா கொஞ்சம் காய்ச்ச வரும். மளார்னு தள்ளிப்போட்டா ஒண்ணுமில்ல."

நம்பாமல் நானும் அந்தக் குமிழைத் தொட்டுப் பார்த்தேன். சுட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டு நின்ற அந்த நொடியில்தான் யோசனை வந்தது. ஹெட்லைட்டுக்குப் போகும் மொத்தக் கரண்டும் இந்தச் சின்னக் குமிழ் வழியாகத்தான் போகிறது. ஏன் போக வேண்டும்? எரி, அணை என்று உத்தரவு போடுவது மட்டும்தானே இதன் வேலை. சுமையை வேறொருவர் தூக்கட்டும். அந்த வேறொருவருக்கு ரிலே என்று பெயர். செமஸ்டர் பரீட்சையில் அதன் படத்தை வரைந்து முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஒரு ரிலேயைக் கையால் தொட்டதில்லை என்பது வேறு விஷயம்.

எலெக்ட்ரிகல் படிப்பை முடித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வேலை கொடுத்த கம்பெனி, சேரும் தேதியைத் தள்ளிவைப்பதில் தனக்குள்ள மகிழ்ச்சியை மாதம் ஒரு முறை மின்னஞ்சலில் தெரிவித்துக்கொண்டிருந்தது. வீட்டில் இருந்த மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், காலிங் பெல் எல்லாவற்றையும் கழற்றி மாட்டி முடித்திருந்தேன். அழைப்பு மணியை நான் மாட்டிய பிறகு, அழுத்துகிறவருக்குக் கேட்கும், வீட்டுக்குள் இருப்பவர்களுக்குக் கேட்காது. அடுத்து எதைத் தொடுவேனோ என்று அம்மா பயந்துகொண்டிருந்த நேரம் அது.

ஆனால் இது விளையாட்டு இல்லை. இன்னும் பத்து நாளில் வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசில் எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, காட்ட வேண்டும். வண்டிக்கு என்னைவிட ஒரு வயது அதிகம். இந்த வருடம் எஃப்.சி. கிடைக்கவில்லையென்றால் வண்டி பழைய இரும்புக்குப் போகும், அப்பா மாமாவின் பேக்கரியில் கல்லாவில் உட்காருவார். இது அம்மாவின் தீர்ப்பு. அம்மாவின் தம்பியான மாமா மூன்று வருடமாக அந்த நாற்காலியைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவினாசி ரோட்டில் ஏசி போட்ட பேக்கரி. வருகிறவர்கள் பெரும்பாலும் ஐ.டி. பிள்ளைகள். யாராக இருந்தாலும் ஆசைப்படும் நாற்காலிதான்.

"கண்ணாடிப் பொட்டிக்குப் பொறத்தால, பப்ஸோட பப்ஸா என்னயும் அடுக்கி வெச்சுப்போடுவானுங்க" என்பார் அப்பா. பல்லடத்திலிருந்து சோமனூர் வரைக்கும் எந்தப் பண்ணையில் எந்த நாய் குரைக்கும், எது கடிக்கும் என்று அவருக்குத் தெரியும். அந்த அறிவுக்குப் பேக்கரியில் வேலை இல்லை. ஆகவே சுடும் குமிழைப் பற்றி அம்மாவிடம் இரண்டு வருடமாக அவர் மூச்சு விடவில்லை. டீயைக் குடித்து முடித்ததும் என்னிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை வண்டியை வாசலில் நிறுத்தி டேஷ்போர்டுக்கு அடியில் புகுந்தேன். தலை பெடல்களுக்கு நடுவில், கால் சீட்டின் மேல். தெருவில் போகிறவர்களுக்கு என் கால்கள் மட்டும் தெரிந்தன. எங்கள் ஊர் மரியாதைக்குக் கால்களே போதும்.

"ஏனுங் அம்மணி, சோலியா இருக்கறீங்ளாட்ட இருக்குது."

"ஆமாங்க."

"சாப்ட்டாச்சுங்ளா?"

"ஆச்சுங்க."

"சரீங், பாருங்க பாருங்க."

இப்படி ஏழெட்டுப் பேர். ஒருவர்கூட என்ன செய்கிறாய் என்று கேட்கவில்லை. கேட்பது மரியாதை இல்லை.

உள்ளே நான் கண்டது இதுதான். ஹெட்லைட் குமிழிலிருந்து புறப்பட்ட ஒரே ஒரு கம்பியில் அங்கங்கே தோலைச் சீவி, அங்கங்கே வேறு கம்பிகளை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். பம்பரில் இருந்த இரண்டு மஞ்சள் விளக்குகள் அதில் தொங்கின. முருகன் படத்தைச் சுற்றி ஓடும் கலர் பல்புகளும் கேபினில் இருந்த குட்டி ஃபேனும் செல்போன் சார்ஜரும் அதில்தான். பின்னால் எடுத்தால் பாட்டுப் பாடும் பெட்டிக்கும் அங்கிருந்துதான் சாப்பாடு. போதாததற்கு, கம்பெனி போட்ட பல்புகளைக் கழற்றிவிட்டு நூறு வாட் பல்புகளை அப்பா மாட்டியிருந்தார். சுடாமல் என்ன செய்யும்?

"யாருங்கப்பா இதையெல்லாம் இதுல கொண்டாந்து மாட்டுனது?"

"ஒவ்வொருக்கா ஒவ்வொருத்தர் மாட்டுனாங்க. 'ஏனுங்க, இதுல இருந்து ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கட்டுங்ளா'ன்னு கேப்பாங்க. ஒண்ணுதான, எடுத்துக்கங்கம்பேன்."

"வேண்டாங்கறதுதானுங்க."

"ஊட்டுக்கு வந்த ஒறம்பரைய வேண்டாங்க முடியுமா?"

குறைந்தது மஞ்சள் விளக்கு இரண்டையும் கழற்றிவிடலாம் என்றேன். அது இல்லாவிட்டால் பண்ணை நாய்களுக்கு வண்டி அடையாளம் தெரியாது என்றார். கலர் பல்பைக் கழற்றலாம் என்றேன். அப்பா முருகனைப் பார்த்தார். ஃபேன், சார்ஜர், பாட்டுப் பெட்டி மூன்றுக்கும் ஒரே பதில், "அது பாட்டுக்கு இருக்குது, உட்று."

அப்படியானால் ரிலே ஒன்றுதான் வழி. ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையில் வாங்கி வந்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்தேன். மைசூர்பாக்குத் துண்டு அளவு இருந்தது. அவர் அதை மேலும் கீழும் ஆட்டி எடை பார்த்தார்.

"இது ரெண்டு லைட்டயும் தாங்கிப்போடுமா?"

"தாங்குங்கப்பா."

"கனமே இல்ல."

கனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று விளக்கப் போனேன். காயில், காந்தம், காண்டாக்ட் என்று படம் போட்டேன். அப்பா மரியாதையாகத் தலையாட்டினார், அதாவது ஒன்றும் புரியவில்லை. அப்போதுதான் அந்தத் தவறைச் செய்தேன்.

"நம்ம தோட்டத்துல மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் இருக்குதில்லீங்கப்பா? பட்டனை அழுத்துனா உள்ளுக்குள்ள டக்குன்னு ஒண்ணு இழுத்துப் புடிச்சு மோட்டாருக்குக் கரண்டு விடுமே. அதே மாதிரிதானுங்க இதுவும்."

அப்பாவின் முகம் மலர்ந்தது. "அப்படிச் சொல்ல வேண்டியதுதான. இத்தன நேரம் என்னத்தையோ பேசிக்கிட்டு."

படிப்பு முடித்த பிறகு ஒருவருக்கு ஒரு விஷயத்தைப் புரியவைத்தது அதுதான் முதல் தடவை. எனக்கு நிலைகொள்ளவில்லை. மறுநாள் தடித்த கம்பியும் ஃபியூஸும் வாங்க டவுன் ஹால் பக்கம் பஸ் ஏறிப் போனேன். மத்தியானம் திரும்பி வந்தால் வாசலில் வண்டியைக் காணோம். அப்பாவுக்குப் போன் போட்டேன். தடக் தடக் தடக் என்று விசைத்தறிச் சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு நடுவே அப்பா, "சோமனூர்ல இருக்கறேன், சித்தநேரத்துல வாரேன், சோலி முடியப் போவுது" என்றார்.

சோமனூரில் தறி மோட்டார்களுக்குக் காயில் கட்டும் அண்ணன் ஒருவர் இருந்தார். அப்பாவுக்குச் சின்ன வயதிலிருந்து பழக்கம். எரிந்துபோன மோட்டார் எதுவானாலும் பிரித்து, செம்புக் கம்பியைப் புதிதாகச் சுற்றி ஓடவைத்துவிடுவார். மனிதர் தங்கமானவர். ஒரே குறை, யாரிடமும் எதற்கும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாது.

ஐந்து மணிக்கு வண்டி வந்து நின்றது. டிரைவர் சீட்டுக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவில், நான் வழக்கமாகக் கால் வைக்கும் இடத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு இரும்புப் பெட்டி நாலு போல்ட்டில் உட்கார்ந்திருந்தது. தோட்டத்துப் பம்ப்செட் ஸ்டார்ட்டர். முகத்தில் பச்சைப் பட்டன் ஒன்று, சிவப்புப் பட்டன் ஒன்று. பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கொஞ்சம் மல்லிகையும் சுற்றியிருந்தது. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கிய ஈரம்.

"ஏறி உக்காரு கண்ணு" என்றார் அப்பா.

அவர் பச்சையை அழுத்தினார். டக் என்று ஒரு அடி. சீட்டே அதிர்ந்தது. ஹெட்லைட் இரண்டும் எதிர்வீட்டுச் சுவரில் பளீரென்று விழுந்தன. பெட்டி ம்ம்ம் என்று முனக ஆரம்பித்தது. சிவப்பை அழுத்தினார், டக், அணைந்தது. பழைய குமிழைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். பச்சைத் தண்ணீர் போலக் குளிர்ந்திருந்தது. குளிராமல் என்ன செய்யும், அதற்கு இப்போது வேலையே இல்லை.

காயில் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"ஏனுங்கண்ணா, பம்ப்செட் ஸ்டார்ட்டரை எப்படீங்க வண்டியில..."

"உள்ள இருந்த காயில் நானூத்திச் சொச்சம் வோல்ட்டுக்குச் சுத்துனதுங் அம்மணி. அதப் பிரிச்சுப்போட்டு பேட்டரிக்குத் தக்கன பன்னெண்டு வோல்ட்டுக்குச் சுத்துனேனுங்க. மூணு மணி நேரம் ஆச்சு. நல்லா இழுக்குதுங்ளா?"

"இழுக்குதுங்க. ஆனா இது வண்டிங்களே."

அந்தப் பக்கம் தறிச் சத்தம் குறைந்தது, தள்ளி வந்திருப்பார். "எனக்குந் தெரியுமுங்க" என்றார் தணிந்த குரலில். "அப்பா அத்தன சந்தோசமாச் சொல்றப்ப எப்புடீங்க வேண்டாங்கறது. நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்கன்னு வேற சொன்னாருங்க."

அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அப்பா வாசலில் நின்று பச்சை, சிவப்பு, பச்சை என்று அழுத்திக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சிரித்து வெகு நாளாகியிருந்தது. நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

குறை ஒன்று இருப்பது மறுநாள் தெரிந்தது. பம்ப்செட் ஸ்டார்ட்டருக்கு ஒரு நல்ல குணம் உண்டு. வோல்ட்டேஜ் இறங்கினால் மோட்டாரைக் காப்பாற்றத் தானாகவே விட்டுவிடும். மறுபடி நாம்தான் பச்சையை அழுத்த வேண்டும். அப்பாவின் வண்டியில் இருந்தது லாரிக்காரர்கள் வைக்கும் பெரிய ஹார்ன். அதை அழுத்தினால் பழைய கம்பிகளில் வோல்ட்டேஜ் பொத்தென்று விழும். ஸ்டார்ட்டர் தன் கடமையைச் செய்யும். ஆக, ஹார்ன் அடித்தால் ஹெட்லைட் அணைந்துவிடும்.

இதைக் கழற்றியே ஆக வேண்டும் என்றேன். அப்பா அரை மணி நேரம் பழகிப் பார்த்துவிட்டு, தேவையில்லை என்று முடிவு செய்தார். வலது கை ஹார்ன், இடது கை பச்சை. பாம், டக். பாம், டக். தறி ஓட்டுகிறவர் போல அவருக்குத் தாளம் கைவந்துவிட்டது. சின்ன ஹார்னாக அடித்தால் விளக்கு கண் சிமிட்டுவது போலத்தான் தெரியும் என்று என்னைச் சமாதானப்படுத்தினார்.

எஃப்.சி. அன்று காலை ஒன்பது மணிக்கு ஆர்.டி.ஓ. மைதானத்தில் வரிசையில் நின்றோம். கூடவே அம்மாவும் வந்திருந்தார், தீர்ப்பை நேரில் நிறைவேற்ற. ஸ்டார்ட்டர் பெட்டியின் மேல் ஒரு துண்டை விரித்து, அதன் மேல் அம்மாவின் டிபன் கூடையை வைத்து மறைத்திருந்தோம். வண்டிக்குள் எட்டிப் பார்க்கும் வழக்கமில்லாத அம்மா, அது ஏதோ மேஜை என்று நினைத்தார்.

பிரேக் இன்ஸ்பெக்டர் நடுத்தர வயதுக்காரர். பொறுமையாகச் சுற்றி வந்தார். டயர், பிரேக், கண்ணாடி, வைப்பர் எல்லாம் தேறின. பிறகு வண்டிக்கு முன்னால் போய் நின்றார்.

"ஹெட்லைட் போடுங்க."

அப்பா கூடையை நகர்த்தி, துண்டுக்கு அடியில் கையை விட்டுப் பச்சையை அழுத்தினார். டக். விளக்கு எரிந்தது. இன்ஸ்பெக்டர் புருவத்தைத் தூக்கினார்.

"என்னங்க சத்தம்?"

"பழைய வண்டீங்க" என்றார் அப்பா.

"ஹார்ன் அடிங்க."

பாம், டக். விளக்கு ஒரு முறை இமைத்துத் திறந்தது. இன்ஸ்பெக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னொருக்கா."

பாம், டக்.

அவர் விளக்குக்கு நேராகக் குனிந்து பார்த்தார். பிறகு, "நீளமா அடிங்க. நான் சொல்ற வரைக்கும் கைய எடுக்காதீங்க" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் முருகனைப் பார்த்தேன். பாஆஆஆம் என்று ஹார்ன் கிளம்பியது, ஹெட்லைட் அணைந்தது. அப்பாவின் இடது கை பச்சையைத் தட்டிக்கொண்டே இருந்தது. வோல்ட்டேஜ் இல்லாத ஸ்டார்ட்டர் டக் என்று பிடித்து டக் என்று விட்டு, டக்டக்டக்டக் என்று குளிரில் பல் அடிப்பது போல அடித்தது. கலர் பல்புகள் மங்கி எரிந்தன, ஃபேன் நின்றது. அம்மா கூடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, துண்டை நீக்கி, அது மேஜை இல்லை என்பதைக் கண்டார்.

இன்ஸ்பெக்டர் நடந்து வந்து கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். பச்சை, சிவப்பு, சந்தனம், குங்குமம்.

"யாருங்க காயில் கட்டுனது?"

"சோமனூர்லீங்க."

"நல்லாக் கட்டியிருக்காரு" என்றார். கையை வைத்துச் சூடு பார்த்தார். "எங்க தோட்டத்துலயும் இதே தொந்தரவுதானுங்க. பக்கத்துத் தோட்டத்துக்காரர் மோட்டாரப் போட்டா எங்குளுது நின்னு போவுது."

"கம்பி மெலிசா இருக்குமுங்க" என்றேன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல்.

"அப்புடீங்கறீங்ளா?" அவர் என் பக்கம் திரும்பினார். கால் மணி நேரம் அவருடைய தோட்டத்துப் போர்வெல்லைப் பற்றிப் பேசினோம். பின்னால் நின்ற மினி லாரி டிரைவர்கள் இரண்டு பேரும் இறங்கி வந்து கலந்துகொண்டார்கள். ஒருவர் சிவப்பை அழுத்திப் பார்த்தார். எல்லோருக்கும் ஸ்டார்ட்டர் பிடித்திருந்தது. அப்பாவின் முகத்தில் நம்பிக்கை திரும்பியது.

கடைசியில் இன்ஸ்பெக்டர் பேப்பரை மூடினார். "பம்ப்செட்டுக்கு நான் எஃப்.சி. குடுக்க முடியாதுங்களே" என்றார், மெய்யான வருத்தத்தோடு. "அடுத்த புதன்கிழமை கொண்டாங்க. ஹார்ன் அடிச்சா லைட் எரியோணும். அன்னைக்கும் இப்படியே இருந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

வீடு வந்து சேரும்வரை அம்மா டிபன் கூடையை மடியிலிருந்து இறக்கவில்லை. வாசலில் இறங்கி, "ஏனுங்க, நாளைல இருந்து பேக்கரிக்குப் போங்க. புதன்கெழம வரைக்கும் போய்ப் பழகுங்க" என்று மட்டும் சொன்னார்.

அப்பா போனார். மூன்றாம் நாள் மத்தியானம் அவரைப் பார்க்கப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் ஏசிக் குளிருக்குத் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பெண் முட்டை பப்ஸ் கேட்டாள்.

"அது காலைல போட்டதுங் கண்ணு. இப்ப ஆறிப்போச்சு. ஊட்டுக்குப் போய்ச் சோறு உண்ணுங்க."

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அடுத்து ஒருவர் வந்து கேக் கேட்டார். யாருக்குப் பிறந்தநாள், என்ன வயசு, எந்த ஊரு என்று விசாரித்துவிட்டு, அந்தக் கேக்கில் கிரீம் அதிகம், பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்றார். மாமா என் கையைப் பிடித்து மாவு மூட்டைகள் இருந்த பின்னறைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"அம்மணி, நீ என்ன பண்ணுவியோ எனக்குத் தெரியாது. புதன்கெழமைக்குள்ள அந்த லைட்ட எரிய வெச்சுப்போடு."

"நீங்கதானுங்க மாமா மூணு வருசமா அப்பாவக் கூப்புட்டுட்டு இருந்தீங்க."

"கூப்புட்டது நெசந்தான். வருவாருன்னு யாரு கண்டா?"

முன்னால் வந்தபோது அப்பா கல்லாவில் இருந்து வெளியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தீவனம் ஏற்றிய பிக்கப் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அது கண்ணில் மறைகிறவரைக்கும் கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தார்ப்பாய் கட்டுனது சரியில்ல" என்றார் என்னிடம். அப்புறம் எனக்கு ஒரு தேங்காய் பன் கொடுக்கச் சொன்னார். இளஞ்சூடாக இருந்தது, அது ஒன்றுதான் அன்றைக்கு அவர் சிபாரிசு செய்த பொருள்.

இன்று திங்கள்கிழமை. ரிலே இரண்டு, ஹை பீமுக்கு ஒன்று, லோ பீமுக்கு ஒன்று, மேஜை மேல் இருக்கின்றன. கம்பெனி சொன்ன வாட்டில் புதுப் பல்புகளும் இருக்கின்றன. பேட்டரியிலிருந்து நேராக ரிலேக்குத் தடித்த கம்பி, நடுவில் ஃபியூஸ். ஹார்னுக்குத் தனிக் கம்பி, தனி ரிலே. மஞ்சள் விளக்கு, முருகன், ஃபேன், சார்ஜர், பாட்டுப் பெட்டி ஐந்தும் வேறு ஃபியூஸுக்கு இடம் மாறும். ஒறம்பரை யாரையும் அனுப்பவில்லை, தனிப் பந்தி போட்டுவிட்டேன். இந்தத் தடவை யாருக்கும் உதாரணம் சொல்வதாக இல்லை.

காயில் அண்ணன் நாளைக் காலை ஏழு மணிக்கு வருகிறார். ஸ்டார்ட்டரைக் கழற்றுவது நான்தான், அவருடைய வேலை வேறு. பேக்கரிக்குக் கிளம்புமுன் அப்பா எப்படியும் வாசலுக்கு வந்து, பச்சைப் பட்டனை மட்டுமாவது விட்டுவைக்கக் கூடாதா என்று கேட்பார். எனக்கு அந்த முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல வராது. அண்ணன்தான் சொல்ல வேண்டும். போனில் அவரை ஒத்திகை பார்க்கச் சொன்னேன்.

"முடியாதுங்க. இப்புடீங்ளா?"

"இன்னும் கொஞ்சம் அழுத்தமாச் சொல்லுங்கண்ணா."

"முடியாதுங்க, தப்பா நெனைச்சுக்காதீங்க, வேணும்னா பாக்கலாமுங்க."

இன்றைக்குள் இன்னும் நாலு முறை சொல்லிப் பார்ப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். நாளை அதை அப்பாவிடம் சொல்லிவிட்டால் ஒன்பது மணிக்குள் கம்பி இழுத்துவிடலாம். அப்புறம் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, ஹார்னை ஒரு நிமிடம் முழுக்கக் கையெடுக்காமல் அழுத்திப் பார்க்க வேண்டும். தெருவில் எல்லோருடைய வீட்டுக்கும் போய் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.